ஆலைத் தோட்டா என்னும் மூடநம்பிக்கை

பழைய வேட்டைத் துப்பாக்கி என்று பேச்செடுத்தால் போதும், ஒரு தீர்ப்பு தயாராக வந்து விழும். "நூறு வருஷத்துத் துப்பாக்கி, அதில் ஸ்லக் போடாதே. போட்டே ஆகவேண்டுமென்றால் கடையில் பெட்டியோடு வாங்கிப் போடு. கையால் அடைத்த தோட்டா மட்டும் வேண்டவே வேண்டாம். இதெல்லாம் முடியாதென்றால் சுவரில் மாட்டிவிடு." துப்பாக்கிக் கடைக்காரர் சொல்கிறார், வேட்டைக் கழகத்து மூத்தவர் சொல்கிறார், துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவரும் சொல்கிறார். இந்த நான்கு வாக்கியங்களில் முதல் மூன்றும் ஆராயாமல் சொல்லப்படுபவை. நான்காவது, ஆராய மனமில்லாததால் சொல்லப்படுவது.

எந்தத் துப்பாக்கியைப் பற்றிய வழக்கு இது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ரவைக் குழலையும் ரைஃபிள் குழலையும் ஒரே அடிக்கட்டையில் பூட்டிய கூட்டுக்குழல் துப்பாக்கிகள். ஜெர்மனி, ஆஸ்திரியா காடுகளின் தேவைக்காக வளர்ந்த வடிவம். பக்கம் பக்கமாக இரண்டு ரவைக் குழல், அவற்றுக்கு அடியில் ஒரு ரைஃபிள் குழல் இருந்தால் அது ட்ரில்லிங். ஒரு ரவைக் குழலும் ஒரு ரைஃபிள் குழலும் பக்கம் பக்கமாக இருந்தால் ஆங்கிலேயர் அதைக் கேப் துப்பாக்கி என்றார்கள். காலையில் காட்டுக்குள் போகிறவருக்கு எது எதிர்ப்படும் என்று தெரியாது. ஃபெசண்ட் பறவை எழுந்தால் ரவை, தூரத்தில் மான் நின்றால் ரைஃபிள், புதரைப் பிளந்துகொண்டு காட்டுப்பன்றி குறுக்கே ஓடினால் ரவைக் குழலில் போட்டுவைத்த ஒற்றைக் குண்டு. அந்த ஒற்றைக் குண்டுதான் ஸ்லக். 1941-42இல் வட ஆப்பிரிக்காவில் பறந்த ஜெர்மன் விமானப்படையினருக்கு, விமானம் பாலைவனத்தில் விழுந்தால் பிழைத்துக் கிடப்பதற்காகக் கொடுக்கப்பட்ட சாவர் எம் 30 ட்ரில்லிங்கின் பெட்டியிலும் ரைஃபிள் தோட்டா, ரவைத் தோட்டா, ஸ்லக் மூன்றும் இருந்தன. ஆக, இத்துப்பாக்கிகளில் ஸ்லக் போடுவது இன்றைய அடாவடி இல்லை. அவை பிறந்த காரணங்களில் ஒன்றே அதுதான்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு வேட்டை முடிந்துபோன கதை. உரிமமில்லாமல் தோட்டா தயாரிப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி குற்றம். எனவே கோத்தகிரியிலோ வால்பாறையிலோ தாத்தா காலத்துத் துப்பாக்கியை வைத்திருப்பவர் யாரும் இதைப் படித்துவிட்டு ஈயம் உருக்க உட்கார வேண்டாம். ஜெர்மனியில் நிலைமை வேறு. அங்கே வெடிபொருள் சட்டத்தின் 27ஆம் பிரிவின்கீழ், பயிற்சி பெற்றுத் தேர்வும் எழுதியவருக்குத் தோட்டா அடைக்க அனுமதி தருகிறார்கள். எதற்கெடுத்தாலும் விதி கேட்கும் ஓர் அரசே இதைப் பைத்தியக்காரத்தனமாகக் கருதவில்லை. கற்றுக்கொண்டு செய்யவேண்டிய வேலையாகக் கருதுகிறது. என் வாதம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நம் ஊரில் இந்த அச்சத்துக்கு இன்னொரு வேரும் உண்டு. கையால் மருந்து அடைப்பது என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நாட்டுத் துப்பாக்கி. கைக்கு வந்த அளவில் கரிமருந்து, அதன்மேல் கிடைத்த துணி, அதன்மேல் சைக்கிள் கடைப் பால்ரஸ் குண்டு. அது வெடித்து விரல் போன செய்தியை நாளிதழில் படித்து வளர்ந்தவர்கள் நாம். அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, பத்தில் ஒரு கிரெய்ன்வரை காட்டும் தராசில் மருந்து நிறுத்து, மைக்ரோமீட்டரால் குழல் அளந்து, அச்சிட்ட அட்டவணையைப் பார்த்து அடைக்கும் வேலையை எடைபோடக் கூடாது. இரண்டும் கையால் நடக்கின்றன என்பதைத் தவிர அவற்றுக்குள் உறவில்லை.

முதல் குற்றச்சாட்டு சோக் பற்றியது. சோக் குழலில் ஒற்றைக் குண்டு போட்டால் வாய் பிளந்துவிடும் என்கிறார்கள். குழலின் வாய்ப்பகுதியை உட்புறமாகச் சற்றே குறுக்குவதுதான் சோக். ரவைகள் சிதறாமல் கூட்டமாகப் போக அது உதவுகிறது. நியூகாசில்காரர் டபிள்யூ. ஆர். பேப் 1866இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். 1870களின் நடுவில் பர்மிங்காமின் டபிள்யூ. டபிள்யூ. கிரீனர் இதை எல்லாரும் கேட்டு வாங்கும் சரக்காக்கினார். குழலின் உள்விட்ட அளவைப் 'போர்' என்று எண்ணிட்டுச் சொல்வார்கள்; 12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். முழு சோக் என்றால் வாயில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் குறைந்திருக்கும். சோக் வருவதற்கு முன், வேட்டைக்காரர்கள் அதே குழலில் ரவையும் போட்டார்கள், குழலை நிறைக்கும் ஈய உருண்டையும் போட்டார்கள். சோக் வந்த பிறகும் அதே உருண்டையைப் போட்டால் என்ன ஆகும்? கெட்டியான ஓர் ஈய உருண்டை, குழலின் மிக மெல்லிய இடத்தில், 1 மில்லிமீட்டர் சுருங்கி வெளியேற வேண்டும். துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரை குத்தும் சோதனைச் சாலைகள் பயந்ததில் நியாயம் இருந்தது. அதனால்தான் 1875 முதல் லண்டன், பர்மிங்காம் சோதனைச் சாலைகள் சோக் குழல்களில் 'உருண்டைக்கு உரியதன்று' என்ற பொருளில் முத்திரை குத்தின.

இன்றைய அச்சத்தின் மூலப் பத்திரம் இதுதான். அந்தப் பத்திரத்தின் அடுத்த பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. 1887இல் சோதனைச் சாலைகள் அந்த வாசகத்தைக் கைவிட்டுவிட்டு 'சோக்' என்று மட்டும் குத்தலாயின. வாய்ப்புறத்தில் வரிகள் வெட்டிய குழலுக்கென்று தனி முத்திரையும் வந்தது. எச்சரிக்கை, குழலை நிறைக்கும் உருண்டையைப் பற்றியது. பன்னிரண்டே ஆண்டு வாழ்ந்த அந்த வாசகத்தை எல்லா ஒற்றைக் குண்டுக்கும் எல்லாக் காலத்துக்கும் உரிய சட்டமாக நீட்டியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

அதற்கும் பதினோரு ஆண்டுகள் கழித்து, 1898இல், லைப்சிக் நகரத்து வில்ஹெல்ம் பிரென்னெக்கே இந்தச் சிக்கலையே தீர்க்கும் ஸ்லக்கைக் கொண்டுவந்தார். தலை கனத்த ஈயத் துண்டு. பக்கவாட்டில் சாய்ந்தோடும் மேட்டு வரிகள். பின்னால் திருகாணியால் பூட்டிய கம்பளித் தக்கை. அந்த வரிகள் குண்டைச் சுழற்றுவதற்கு என்றே பலரும் நம்புகிறார்கள். குண்டை நேராகக் கொண்டுபோவது கனத்த தலையும் இலேசான வால் தக்கையும்தான். வரிகளின் முக்கிய வேலை சோக்கில் நசுங்குவது. ஸ்லக்கின் உடல் குழலைவிடச் சிறியது. குழலைத் தொடுவது வரிகளின் முகடு மட்டுமே. சோக் வரும்போது அந்த முகடுகள் பள்ளங்களுக்குள் அமுங்கிக்கொடுக்கும். 1931இல் அமெரிக்கரான கார்ல் ஃபாஸ்டர் உருவாக்கிய ஸ்லக் வேறு வழியில் போனது. உட்குடைந்த கிண்ணம் போன்ற அடி, கனமான மூக்கு. மெல்லிய ஈயச் சுவர் சோக்கில் உள்வாங்கிக்கொள்ளும். இரண்டுமே சோக் குழலை மனத்தில் வைத்துச் செய்தவை. 'சோக்கில் ஸ்லக் ஆகாது' என்று சொல்பவர், நூறாண்டுக்கு மேலாகத் தீர்வு கையிலிருக்கும் ஒரு சிக்கலுக்கு இன்னும் பயந்துகொண்டிருக்கிறார்.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஈயம் மென்மையாக இருக்க வேண்டும். கலப்பில்லாத ஈயத்தின் பிரினெல் கடினம் சுமார் 5. பழைய காரின் சக்கர எடைக்கட்டிகளை உருக்கினால், அதிலுள்ள ஆண்டிமனியால் கடினம் இரட்டிப்பையே எட்டும். அந்தக் கடின ஈயத்தில் குழல் நிறைய ஸ்லக் வார்த்து இறுக்கமான சோக்கில் சுடுபவர் 1875இன் எச்சரிக்கைக்கே திரும்பிப் போகிறார். ஆனால் இது அளந்து தவிர்க்கக்கூடிய தவறு. தவிர்க்கக்கூடிய ஒன்றைக் காட்டி முழு வேலைக்கும் தடை போடுவதில் என்ன நியாயம்?

இரண்டாவது குற்றச்சாட்டு வயது. நூறு வருஷத்து இரும்பு தளர்ந்திருக்கும் என்கிறார்கள். எஃகு பிறந்தநாள் கொண்டாடுவதில்லை. சும்மா இருக்கும் குழல் வயதால் மட்டும் தளராது. அது துருவால் மெலியும். பள்ளம் விழுந்த உட்சுவரைப் பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்தவரால் மெலியும். பழைய வெல்டிங்கால் கெடும். இவை எல்லாம் கண்ணாலும் கருவியாலும் பிடிபடக்கூடியவை. தமாஸ்கஸ் எனப்படும் முறுக்கிரும்புக் குழல்களைப் பற்றிய பேச்சு இன்னும் மோசம். தமாஸ்கஸ் என்றாலே குண்டுவெடிப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 1888இல் பர்மிங்காம் சோதனைச் சாலை பலவகைக் குழல்களை அழித்தே சோதித்துப் பார்த்தபோது, நல்ல ஆங்கிலேய முறுக்கிரும்பு அன்றைய விட்வொர்த் எஃகுக்குச் சளைக்கவில்லை. அதைக் காட்டி 'எல்லாத் தமாஸ்கஸும் பத்திரம்' என்று நான் வாதாடப் போவதில்லை. அன்று சோதித்தவை புதுக் குழல்கள். இன்று நம் கையிலிருப்பதன் தையல்களுக்குள் துரு புகுந்திருக்கலாம். சொல்ல வருவது இதுதான்: ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனியே விடை கண்டுபிடிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆண்டைப் பார்த்துத் தீர்ப்பு எழுத முடியாது.

விடை எங்கே எழுதியிருக்கிறது? குழலின் அடிவயிற்றில். முன்கட்டையைக் கழற்றி, குழல்களை அடிக்கட்டையிலிருந்து பிரித்துத் திருப்பினால், தோட்டா உட்காரும் அறைக்கு அடியிலுள்ள தட்டைப் பரப்பில் சின்னச் சின்ன முத்திரைகள் தெரியும். ஜெர்மன் துப்பாக்கி என்றால் 1891இன் சோதனைச் சட்டம் விதித்த எழுத்துகள். கிரீடத்தின்கீழ் யு என்றால் பார்வையிடப்பட்டது. எஸ் என்றால் ரவைக் குழல். ஜி என்றால் வரிவெட்டிய குழல். டபிள்யூ என்றால் சோக். நைட்ரோ என்று குத்தியிருந்தால் புகையற்ற மருந்துக்குச் சோதித்தது. அது இல்லையென்றால் கரிமருந்துக் காலத்துப் பிறவி என்று சந்தேகப்பட வேண்டும். வட்டத்துக்குள் போர் எண்ணும் பக்கத்தில் 65 என்ற எண்ணும் இருந்தால், அந்த 65தான் அறையின் நீளம், மில்லிமீட்டரில். ஒரு துப்பாக்கி தன்னைப் பற்றி இவ்வளவு சொல்லிக்கொண்டிருக்கிறது. அதைப் படிக்காமல் "பழசு, ஆகாது" என்பவர் மருத்துவச் சீட்டைப் பிரிக்காமலே நோயாளிக்கு நாள் குறிப்பவர்.

மூன்றாவது குற்றச்சாட்டுதான் மையமானது. கைத்தோட்டாவைவிட ஆலைத் தோட்டா பத்திரம் என்பது. இதை மறுக்கத்தான் இந்தக் கட்டுரை.

ஆலைத் தோட்டா எதற்குப் பத்திரம்? இன்று விற்பனையில் உள்ள, முறைப்படி சோதிக்கப்பட்ட, இன்றைய அளவுகளில் செய்த துப்பாக்கிக்குப் பத்திரம். 1914இல் தொடங்கிய சி.ஐ.பி. என்னும் பன்னாட்டுச் சோதனை ஆணையம் ஒவ்வொரு போருக்கும் உச்ச அழுத்தத்தை வரையறுத்திருக்கிறது. சாதாரண 12 போர் தோட்டாவுக்கு 740 பார், 16 போருக்கு 780 பார். அந்த எல்லைக்குள் எங்கே நின்றாலும் ஆலையைப் பொறுத்தவரை தோட்டா சரியானது. கரிமருந்து முத்திரை மட்டும் உள்ள ஒரு 1890களின் கேப் துப்பாக்கிக்கு அந்த எல்லையால் என்ன பயன்? ஆலையில் தோட்டா செய்தவர் முட்டாள் இல்லை. அவர் முன்னால் உங்கள் துப்பாக்கி இல்லை, அவ்வளவுதான். யாருக்காகச் செய்கிறோம் என்று அறியாதவர் செய்ததை, எனக்காகவே செய்ததாக நம்புவதைத்தான் மூடநம்பிக்கை என்கிறேன்.

நீளத்தைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய ஜெர்மன் 16 போர்களில் மிகப் பலவற்றின் அறை 65 மில்லிமீட்டர். இன்றைய வழக்கமான தோட்டா 70. இந்த 70 என்பது சுட்டு முடித்து வாய் விரிந்த உறையின் நீளம். அடைத்து மடித்த நிலையில் தோட்டா அதைவிடக் குட்டை. அதனால் 65 அறைக்குள் அது எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும், பூட்டும் சொடுக்கென்று மூடும். சுட்டதும் மடிப்பு விரியும், ஆனால் விரிய இடமிருக்காது. அறை முடிந்து குழல் குறுகத் தொடங்கும் கூம்புக்குள் உறையின் வாய் நீண்டு, குண்டும் தக்கையும் போக வேண்டிய வழியை நெருக்கும். அழுத்தம் கூடும். பெட்டியில் 16 போர் என்றிருக்கிறது, துப்பாக்கியிலும் 16 போர் என்றிருக்கிறது, மூடவும் மூடியது. கடைக்காரரின் 'பத்திரமான' அறிவுரையைக் கேட்டவர் இப்போது எங்கே நிற்கிறார்? பழைய அறைகளுக்கென்று குட்டை உறையில் வரும் ஆலைத் தோட்டாக்களும் உண்டு. கிடைத்து, முத்திரைக்கும் பொருந்தினால் தாராளமாக வாங்கலாம். ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கவும் முதலில் குழலைப் படித்திருக்க வேண்டும். 24 போரிலும் 28 போரிலும் 32 போரிலும் செய்த பழைய கூட்டுக்குழல்களுக்கு எத்தனை கடையில் ஸ்லக் கிடைக்கும்?

அடுத்தது உதை. ட்ரில்லிங் கைக்கு அடக்கமாக இருக்க வேண்டும் என்பதற்காக மூன்று குழல்களையும் மெலிதாக்கிச் செய்த பொருள். அடிக்கட்டையின் கழுத்தில் மரத்தைக் குடைந்து பூட்டுக்கு இடம் விட்டிருக்கும். குழல்களை இணைக்கும் பட்டைகள் மென்பற்றாசில் ஒட்டியவை. பிரென்னெக்கேயின் 12 போர் ஸ்லக் 31.5 கிராம். வேகத்தை விற்கும் இன்றைய தோட்டாவில் அந்தக் கனத்தை ஏற்றி, அந்த மெல்லிய உடம்பில் திரும்பத் திரும்பச் சுட்டால் முதலில் வெடிப்பது குழலாக இருக்காது. மரக்கழுத்து விரிசல் விடும், பட்டை இளகும், பூட்டு ஆடும். அப்போதும் பழி துப்பாக்கியின் வயதின்மேல்தான் விழும், தோட்டாவின்மேல் விழாது.

இன்னொன்று, குறி. கூட்டுக்குழலில் ஒவ்வொரு குழலும் தனித்தனிப் பிறவி. குறிப்பிட்ட எடைக் குண்டு, குறிப்பிட்ட வேகம், குறிப்பிட்ட தூரம் என்று வைத்துச் சுட்டுப் பார்த்து, ஒரே காட்சிக்கோட்டுக்கு எல்லாம் வந்து சேரும்வரை சரிசெய்து பற்றவைப்பார்கள் பட்டறைக்காரர்கள். துப்பாக்கி உதைக்கும்போதே எம்பித் திரும்பும். குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் மாறினால் அது வெளியேறும் திசையும் மாறும். வேறு கனம், வேறு வேகம் போட்டால் பன்றியின் தோளுக்கு வைத்த குறி வயிற்றில் விழும். விலங்கு காயத்தோடு ஓடும். 'பழைய துப்பாக்கியில் ஸ்லக் எங்கே நேராகப் போகிறது' என்ற ஏளனத்தில் பாதி இங்கிருந்து பிறந்தது. பொருந்தாத தோட்டாவைப் போட்டுவிட்டுத் துப்பாக்கியைக் கேலி செய்கிறார்கள். அந்தப் பழைய வேகத்தையும் கனத்தையும் திரும்பக் கொண்டுவர, பல துப்பாக்கிகளுக்குக் கைத்தோட்டாவைத் தவிர வேறு வழியில்லை.

செய்தவர்களே இதை எப்படிப் பார்த்தார்கள் என்று ஒரு சாட்சி போதும். கர்னல் ஜார்ஜ் வின்சென்ட் ஃபாஸ்பெரி வங்காளப் படையில் இருந்தவர். 1863இல் வடமேற்கு எல்லையில் நடந்த அம்பேலாப் போரில் விக்டோரியா கிராஸ் பெற்றவர். ரவைக்குழலின் கடைசிச் சில அங்குலத்தில் மட்டும் வரிகள் வெட்டும் முறைக்கு 1885இல் அவர் காப்புரிமை எடுத்தார். லண்டன் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் அதை வாங்கிப் 'பாரடாக்ஸ்' என்ற பெயரில் விற்றது. ஒரே குழல் ரவையையும் வீசும், கனமான குண்டையும் செலுத்தும். 12 போர் பாரடாக்ஸ் குண்டு 48 கிராமை ஒட்டி இருக்கும். வேகமோ ஒலியின் வேகத்தை ஒட்டியே. இன்றைய கணக்கில் நத்தை. ஆனால் இந்தியக் காடுகளில் புலிக்கும் கரடிக்கும் காட்டெருதுக்கும் அதைத்தான் எடுத்துப் போனார்கள். இலங்கையின் நுவரெலியாவில் ஆண்டுக்கணக்கில் யானையும் மிளாவும் வேட்டையாடிய சர் சாமுவேல் பேக்கர், 1890இல் வெளிவந்த விலங்குகள் பற்றிய தம் நூலில் நூறு கஜத்துக்குள் அதன் துல்லியத்தைப் பாராட்டினார். பெரிய பெரிய ரைஃபிள்களையெல்லாம் தோளில் தாங்கிய மனிதர் அவர். 'வேகமில்லாத குண்டு கொல்லாது, பழைய குழல் குறி சுடாது' என்று இன்று அடித்துச் சொல்பவர்கள் முதலில் பேக்கருக்குப் பதில் சொல்லட்டும்.

அந்தப் பாரடாக்ஸை வாங்கியவர்களுக்குத் தோல் பெட்டியில் என்னென்ன வந்தது? துப்பாக்கியோடு குண்டு வார்க்கும் அச்சு, மருந்து அளக்கும் குவளை, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பை மாற்றும் கருவி, உறையின் வாயைச் சுருட்டும் கைப்பிடி இயந்திரம். ஷெஃபீல்டின் ஜேம்ஸ் டிக்சன், பர்மிங்காமையும் ஷெஃபீல்டையும் சேர்ந்த பிற கருவி வணிகர்கள் எல்லாரும் இவற்றைச் செய்து விற்றே வாழ்ந்தார்கள். அசாம் காட்டிலும் மைசூர் காட்டிலும் கூடாரம் போட்டவருக்குக் கடை பல நாள் பயணம். தன் துப்பாக்கிக்கான குண்டைத் தானே வார்த்துக்கொள்வது அன்று வீரமும் இல்லை, விபரீதமும் இல்லை. அன்றாடம். ஆலைத் தோட்டாதான் பின்னால் வந்த பழக்கம். பின்னால் வந்த பழக்கத்தை ஆதிகால ஒழுக்கமாகக் காட்டுவதை ஏற்க முடியாது.

இனி என் பக்கத்து ஆட்களிடம் வருகிறேன். தடைவாதிகளுக்கு ஆயுதம் எடுத்துக்கொடுப்பவர்கள் இவர்கள்தான். 'கொஞ்சமாக மருந்து போட்டால் போதும், பழைய துப்பாக்கிக்கு ஒன்றும் ஆகாது' என்று இவர்கள் சொல்கிறார்கள். இது தடைவாதிகளின் பேச்சைவிட அபாயமானது.

புகையற்ற மருந்து வந்த புதிதில் குழல்கள் ஏன் வெடித்தன என்று பாருங்கள். கரிமருந்தைக் குவளையில் அளந்து போட்ட கை, புதுமருந்தையும் குவளையிலேயே அளந்தது. ஆரம்பகால மருந்துகளில் சில, கரிமருந்துக்குச் சமமான கொள்ளளவில் போடும்படி செய்யப்பட்டவை. ஆனால் 1887இல் நோபெல் கண்டுபிடித்த பாலிஸ்டைட் போன்ற அடர்ந்த மருந்துகளை நிறுத்துத்தான் போட வேண்டும். குவளை நிறையப் போட்டவர் பல மடங்கு போட்டார். இன்றும் அமெரிக்கத் தோட்டாப் பெட்டியில் 'டிராம் சமம்' என்றொரு கணக்கு அச்சிட்டிருக்கும். அந்த வேகம் வர எவ்வளவு கரிமருந்து வேண்டும் என்று சொல்லும் ஒப்பீடு மட்டுமே அது. அந்த எண்ணைப் பார்த்துப் புகையற்ற மருந்தை நிறுப்பவன் தன் கையைத் தானே விற்கிறான்.

இன்னொரு தவறு, ரவைக்குரிய அட்டவணையைப் பார்த்து ஸ்லக் அடைப்பது. '28 கிராம் ரவை, 28 கிராம் ஸ்லக், ரெண்டும் ஒண்ணுதானே?' இல்லை. ரவைக் கூட்டம் அழுத்தத்தில் நெளிந்து இடம் கொடுக்கும். ஸ்லக் ஒரே கட்டி. குழலோடு அது உரசும் விதமும் தக்கை அடைக்கும் விதமும் வேறு. அதனால்தான் லைமன் போன்ற நிறுவனங்களின் கையேடுகளில் ஸ்லக்குக்குத் தனி அட்டவணை இருக்கிறது. அதே அட்டவணையிலும் ஒரு கேப்பை மாற்றினால், உறையின் தயாரிப்பாளரை மாற்றினால், தக்கையை மாற்றினால், அழுத்தம் மாறும். கையில் இல்லாத பொருளுக்குப் பதில் கிடைத்ததைப் போடுவது சமையலில் நடக்கும், இங்கே நடக்காது. எனவே அளவுக் குறிப்பு எதுவும் இந்தக் கட்டுரையில் இல்லை. அச்சில் வந்து சோதிக்கப்பட்டதைத் தவிர வேறெந்த அளவையும், நண்பர் சொன்னதானாலும், நான் தொட மாட்டேன்.

அப்படியானால் ஒழுங்காகச் செய்வது எப்படி இருக்கும்? முதல் வேலை மருந்தில் இல்லை, குழலில். மென்மையான ஈய உருண்டை ஒன்றை எண்ணெய் தடவிய குழலுக்குள், பித்தளைக் கம்பியால் மெல்லத் தட்டித் தட்டித் தள்ளுவார்கள். அறைப் பக்கத்திலிருந்து புகுந்த உருண்டை, நடுக்குழலில் கைக்கு இலகுவாகப் போய்க்கொண்டிருக்கும். வாய்க்கு நான்கு விரற்கடை முன்னால் திடீரென்று கம்பி கனக்கும். அங்கேதான் சோக் தொடங்குகிறது. வெளியே விழுந்த உருண்டையின் இடுப்பில் பளபளவென்று ஒரு பட்டை இருக்கும். அதை மைக்ரோமீட்டரில் வைத்தால் அந்தத் துப்பாக்கியின் மிகக் குறுகிய இடம் எத்தனை மில்லிமீட்டர் என்று நூறில் ஒரு பங்குவரை தெரிந்துவிடும். பழைய ஜெர்மன் 16 போர்களில் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது என்பது அப்போதுதான் புரியும். ஸ்லக் அந்தப் பட்டையின் அளவுக்குள் வர வேண்டும். எந்தப் பெட்டியிலும் அச்சிடாத எண் இது.

அதன் பிறகு சுவரின் தடிமன். பிறகு அறையின் நீளம், முத்திரையை நம்பாமல், அளவியால். யாராவது நடுவில் அறையை நீட்டியிருக்கலாம். பிறகு சந்தேகமிருந்தால் துப்பாக்கியையே சோதனைச் சாலைக்கு அனுப்புவது. ஜெர்மனியில் உல்ம், சூல் போன்ற ஊர்களில் அரசுச் சோதனை அலுவலகங்கள் இன்றும் பழைய துப்பாக்கியை மறுபடி சோதித்து முத்திரை குத்துகின்றன. ஆல்டன்பேக்கனில் உள்ள டேவா நிறுவனம் தோட்டா அடைப்பவர்களுக்கென்றே கையேடு வெளியிடுகிறது. உருக்கும் இடத்தில் காற்றோட்டம், ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் சோறு தொடாமை, 327 டிகிரியில் உருகும் ஈயத்தில் ஒரு சொட்டு நீர்கூட விழாமை. அடைத்த தோட்டா ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, எடை மாறியதை ஒதுக்குவது. இவ்வளவையும் செய்பவரைப் பார்த்து 'அசட்டுத் துணிச்சல்' என்கிறோம். முத்திரையைப் பார்க்காமல் பெட்டியைப் பிரித்து அறைக்குள் தள்ளுபவரை 'ஜாக்கிரதைக்காரர்' என்கிறோம். இந்தத் தலைகீழ்க் கணக்கைத்தான் சரிசெய்யச் சொல்கிறேன்.

'இவ்வளவு பாடு எதற்கு? ஒரு நவீன ரைஃபிள் வாங்கிக்கொண்டு போகலாமே' என்று கேட்பார்கள். வாங்கலாம். வேலை செய்யும் ஒரு கருவியை வைத்திருப்பவர் ஏன் வாங்க வேண்டும் என்பதுதான் எதிர்க்கேள்வி. ஐம்பது மீட்டருக்குள் ஓடும் பன்றிக்கு, அளவறிந்து அடைத்த ஸ்லக் இன்றும் போதுமானது. அந்தத் தூரத்தைத் தாண்டிச் சுட நினைப்பவருக்கு அதே துப்பாக்கியில் அடியிலேயே ரைஃபிள் குழல் இருக்கிறது. அந்த எல்லையை உணர்ந்தே அதைச் செய்தார்கள். எல்லை தெரிந்த கருவியை எல்லைக்குள் பயன்படுத்துவது குறையாகாது.

சுவரில் மாட்டச் சொல்லும் அறிவுரைக்கும் ஒரு விலை உண்டு. சுடாத துப்பாக்கியை யாரும் அளப்பதில்லை. அளக்காத துப்பாக்கியின் முத்திரையை யாரும் படிப்பதில்லை. அறுபது ஆண்டு கழித்துப் பேரன் ஒருவன் அதைச் சுவரிலிருந்து எடுப்பான். 16 போர் என்று கண்டு, கடைக்குப் போய் 16 போர் பெட்டி ஒன்று வாங்குவான். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். விபத்தைத் தடுப்பதாகச் சொல்லும் தீர்ப்பு, அந்த விபத்துக்கான அறியாமையைத்தான் பாதுகாத்துத் தருகிறது.

கைத்தோட்டா எல்லாருக்கும் உரியதில்லை. பொறுமையில்லாதவர், அளவியைத் தொடாதவர், அட்டவணையை மீறுபவர் தயவுசெய்து விலகி நிற்கட்டும். அவர்கள் ஆலைத் தோட்டாவிலிருந்தும் விலகி நிற்கட்டும் என்பதே என் வேண்டுகோள். குழலைப் படிக்காதவர் கையில் இரண்டுமே ஒன்றுதான். படித்தவருக்கோ, தன் குழலுக்கு எது சரி என்று முடிவெடுக்கும் உரிமையைப் பெட்டியின் மூடியிடம் ஒப்படைக்க ஒரு காரணமும் இல்லை.